ஒரே டவர், மூன்று விலை

ஜெர்மனியின் தென்கோடியில், போடன்சே ஏரிக்கரையில் கான்ஸ்டான்ஸ் என்று ஓர் ஊர். அதன் பழைய நகரத்திலிருந்து கொஞ்சம் நடந்தாலே சுவிட்சர்லாந்தின் க்ரோய்ட்ஸ்லிங்கன் வந்துவிடும். ஏரிக்கரைப் பக்கம் வேலியை எடுத்துவிட்டு, எல்லைக்கோட்டில் சிற்பங்களை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தச் சிற்பங்களுக்கு இந்தப் பக்கம், ஜெர்மன் மண்ணில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். போனில் ஜெர்மன் ப்ரீபெய்டு சிம், அதிலிருந்து ஹாட்ஸ்பாட். பத்து நிமிடத்தில் இணையம் நின்றது. போனை எடுத்துப் பார்த்தால் சுவிட்சர்லாந்துக்கு நல்வரவு சொல்லி ஒரு குறுஞ்செய்தி; கணக்கில் இருந்த 12 யூரோ காலி. நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. என் போன் மட்டும் எல்லை தாண்டிப் போய் சுவிஸ் டவரைப் பிடித்திருக்கிறது. டேட்டா ரோமிங்கை அணைக்காமல் விட்டது என் தப்புதான்.

தனுஷ்கோடி முனைக்குப் போனவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அரிச்சல்முனையில் நின்றவர்களில், இலங்கை நேரமும் இலங்கை நெட்வொர்க்கின் வரவேற்பும் போனில் வந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. ரேடியோ அலைக்குக் கடலும் தெரியாது, எல்லைக்கோடும் தெரியாது. பில் போடுகிறவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்த 12 யூரோவுக்கு நான் பயன்படுத்தியது வெறும் கைப்பிடி எம்பி. சுவிஸ் டவர் எனக்காகத் தனியாக எந்த வேலையும் செய்யவில்லை. பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரருக்குச் செய்த அதே வேலைதான். வெளிநாட்டில் டேட்டா விலை அதைச் சுமக்க ஆகும் செலவை ஒட்டி வருவதில்லை, நாம் யாருடைய வாடிக்கையாளர் என்பதை ஒட்டித்தான் வருகிறது. கான்ஸ்டான்ஸில் ஒரு மேசைமேல் மூன்று போன்களை வையுங்கள்: ஒன்றில் ஜெர்மன் சிம், இன்னொன்றில் நம்மூர் சிம் ரோமிங்கில், மூன்றாவதில் பயணிகளுக்கென்று விற்கும் இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள் ஏற்றிக்கொள்ளும் சிம். மூன்றும் ஒரே டவரைப் பிடித்திருக்கலாம். ஒரு ஜிபிக்கு மூன்றும் கொடுக்கும் காசு மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும்.

காரணம், ரோமிங்கில் நமக்கு விற்பவர் ஒருவர், சேவை தருபவர் இன்னொருவர். ஜெர்மன் நிறுவனம் நம் இந்திய நிறுவனத்துக்கு மொத்த விலையில் டேட்டா விற்கிறது. அந்த விலை இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம், வெளியே தெரியாது. நம் நிறுவனம் அதன்மேல் தன் லாபத்தை வைத்து நமக்கு விற்கிறது. ஜெர்மன் நிறுவனத்துக்கு நாம் யாரென்றே தெரியாது, அதனால் நம்மை இழுக்க விலையைக் குறைக்கும் அவசியம் அதற்கு இல்லை. நாமும் ஊரில் சிம் வாங்கும்போது ரோமிங் விலையைப் பார்த்து வாங்குவதில்லை. இரண்டு பக்கமும் போட்டி இல்லாத சந்தை இது. இன்னொரு சங்கதி: எந்த நாட்டில் எந்த நெட்வொர்க்கைப் பிடிக்க வேண்டும் என்பதையும் பெரும்பாலும் நம் நிறுவனமே முடிவு செய்து போனை அங்கே தள்ளும். நல்ல சிக்னல் எது என்பதைவிட, மொத்த விலையில் யார் தள்ளுபடி தந்தார்கள் என்பது அதில் முக்கியம். சிக்னல் மோசமாக இருந்தால் அமைப்புகளுக்குள் போய் நெட்வொர்க்கைக் கையால் மாற்றிப் பார்க்கலாம்; பல நேரம் பலன் தரும். ஆனால் வாங்கிய பேக்கில் அந்த நெட்வொர்க்கும் அடக்கமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விலை எவ்வளவு செயற்கையானது என்பதற்கு ஐரோப்பாவைவிட நல்ல சாட்சி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் ரோமிங் அழைப்புகளுக்கு உச்சவரம்பு வைத்தது. பயணி கொடுக்கும் டேட்டா விலைக்கு உச்சவரம்பு வந்தது 2012 ஜூலையில்தான்: ஒரு எம்பிக்கு 70 சென்ட். ஒரு எம்பிக்கு என்பதைக் கவனியுங்கள். ஒரு ஜிபிக்கு 700 யூரோவுக்கு மேல் வரும், அதுவும் வரி சேர்க்காமல். அதற்கு முன்பு இதைவிட அதிகம். 2014-இல் 20 சென்ட். 2017 ஜூன் 15 முதல் கூடுதல் கட்டணமே கூடாது, ஊரில் என்ன விலையோ அதே விலை என்றார்கள். நிறுவனங்கள் ஒன்றிடம் ஒன்று வாங்கும் மொத்த விலைக்கும் உச்சவரம்பு வைத்து ஆண்டுதோறும் இறக்கினார்கள்: 2017-இல் ஒரு ஜிபிக்கு 7.70 யூரோ, 2025-இல் 1.30, 2027-இல் 1 யூரோ. எந்த நிறுவனமும் இதனால் கடையை மூடவில்லை. இந்த விதி 2032 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் இது ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும், கூட நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனுக்கும் செல்லும். சுவிட்சர்லாந்து இதில் இல்லை. என் 12 யூரோ போனது அந்த ஓட்டையில். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனும் இல்லை. சில நிறுவனங்கள் தாங்களாகவே இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. பாரிஸில் சிம் வாங்கி லண்டன் போகிறவரும், மியூனிக்கில் வாங்கி ஜூரிக் போகிறவரும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘அளவில்லாத’ ஜெர்மன் திட்டத்தை வாங்கி இத்தாலிக்குப் போனால் அங்கேயும் அளவில்லாமல் கிடைக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். வரி நீங்கலான மாத விலையை மொத்த விலை உச்சவரம்பால் வகுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் அவர்கள் தந்தே ஆக வேண்டிய குறைந்தபட்ச அளவு. 10 யூரோ திட்டம் என்றால் 2025 கணக்கில் சுமார் 15 ஜிபி. அதற்கு மேல் தருவது அவர்கள் தாராளம்.

இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையில் அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததிலிருந்து நாம் டேட்டாவைத் தண்ணீர் மாதிரிச் செலவழித்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தோடு ரோமிங்குக்குள் போகிறவர்களுக்குத்தான் அடி பலமாக விழுகிறது. பேக் போடாமல் போஸ்ட்பெய்டு சிம்மில் டேட்டா ரோமிங்கைத் திறப்பது தற்கொலைக்குச் சமம். ப்ரீபெய்டில் இருப்பு தீர்ந்தால் கதை முடிந்தது. போஸ்ட்பெய்டில் கதை பில் வரும்போது தொடங்கும். பேக் போட்டாலும், ‘ஒரு நாள்’ என்பது 24 மணி நேரமா, நள்ளிரவில் முடிகிற நாளா, எந்த ஊர் நள்ளிரவு என்று படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோமிங்கின் இன்னொரு குணம் பலருக்குத் தெரியாது. நம்மூர் சிம் ஜெர்மன் டவரைப் பிடித்தாலும், பொதுவாக அதன் டேட்டா அங்கேயே இணையத்துக்குள் இறங்காது. முதலில் இந்தியாவில் இருக்கும் நம் நிறுவனத்தின் வாசல்வரை போய், அங்கிருந்துதான் வெளியே வரும். ஜெர்மனியிலேயே ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் ஒரு தளத்தைத் திறந்தாலும், கோரிக்கை இந்தியா போய், மறுபடி ஜெர்மனி வந்து, பதில் அதே வழியில் திரும்பும். சாதாரணமாகப் படிக்கும்போது இது தெரியாது. ஜூமில் பேசும்போது தெரியும்: நீங்கள் முடித்துவிட்டதாக நினைத்து எதிரில் இருப்பவர் ஆரம்பிப்பார், அதே நொடியில் நீங்களும் ஆரம்பித்திருப்பீர்கள்.

இதில் லாபமும் உண்டு. இணையத்தின் கண்ணுக்கு நீங்கள் இந்தியாவிலேயே இருக்கிறீர்கள். வெளிநாட்டு இணைய முகவரியிலிருந்து திறக்காத சில இந்திய அரசுத் தளங்கள் இந்தச் சிம்மில் திறக்கும். சீனா போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. அங்கே ஹோட்டல் வைஃபையில் கூகுளும் வாட்ஸ்அப்பும் வராது. இந்திய சிம் ரோமிங்கில் பொதுவாக வரும். டேட்டா சீனாவின் இணையத் தடுப்புச்சுவரைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. உள்ளூர் சிம் வாங்கினால் விலை குறைவு, சுவருக்குள் அடைபடுவீர்கள். எது நல்லது என்பதற்கு ஊருக்கு ஊர் பதில் மாறுவது இதனால்தான்.

சரி, உள்ளூர் சிம்மே வாங்கலாமே? வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், ஒரு எச்சரிக்கையோடு. ஜெர்மனியில் 2017 ஜூலையிலிருந்து ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். சூப்பர்மார்க்கெட்டில் பாக்கெட்டை எடுத்து ஷாம்பூவோடு சேர்த்து பில் போட்டுவிடலாம். உயிர் கொடுப்பதுதான் பாடு. வீடியோ அழைப்பில் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், இல்லையேல் தபால் அலுவலகம் போக வேண்டும். எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டையும் வீடியோவில் ஏற்பதில்லை. அப்புறம், அந்த வீடியோ அழைப்புக்கே இணையம் வேண்டும்! ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினால் ரயில் நிலையக் கடைகளைத் தவிர அநேகமாக எல்லாம் மூடியிருக்கும். பிரிட்டனில் இந்தத் தொல்லை இல்லை: அடையாள அட்டை எதுவும் கேட்காமல் ப்ரீபெய்டு சிம் கையில் கொடுத்துவிடுவார்கள்.

இந்த அவஸ்தையில்தான் பயண இசிம் நிறுவனங்கள் காசு பார்க்கின்றன. விமானம் ஏறும் முன்பே க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஏற்றிக்கொள்ளலாம். போன் ஒரே நிறுவனத்தின் சிம்முக்கென்று லாக் செய்யப்படாததாக இருக்க வேண்டும், இசிம் ஏற்கும் மாடலாக இருக்க வேண்டும். இவர்கள் யாரும் டவர் வைத்திருப்பவர்கள் அல்ல. ஏதோ ஒரு நாட்டு நிறுவனத்தின் ரோமிங்கை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கிறார்கள். ‘ஜெர்மனி இசிம்’ என்று வாங்கி ஏற்றினால், தளங்கள் நீங்கள் போலந்திலோ ஹாங்காங்கிலோ இருப்பதாக நினைத்து அந்த மொழியில் பேச ஆரம்பிப்பது இதனால்தான். பாங்க் தளம் திடீரென்று முறைத்துப் பார்ப்பதற்கும் இது ஒரு காரணம். இந்தியாவில் வெளிநாட்டு சிம் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லாததால் 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃபிளை ஆகிய இரண்டு செயலிகளும் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டன. விலையைப் பொறுத்தவரை, இவை பெரும்பாலும் நம்மூர் ரோமிங் பேக்குக்கும் உள்ளூர் சிம்முக்கும் நடுவில் நிற்கும். மூன்று நான்கு நாள் பயணத்துக்கு உள்ளூர் சிம் தேடி அலைவது நேர விரயம் என்பது என் கட்சி.

இதுவரை சொன்னது விலை. பாதிச் செலவு விலையால் வருவதில்லை, லேப்டாப்பின் பசியால் வருகிறது.

போன் பிறந்ததிலிருந்தே அளந்து சாப்பிடப் பழகியது. செயலி அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாவற்றுக்கும் வைஃபை வரட்டும் என்று காத்திருக்கும். லேப்டாப்புக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதற்கு உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டும் ஒரு வைஃபை, அவ்வளவுதான். வீட்டு இணைப்பு என்று நினைத்து இலை போட்டு உட்கார்ந்துவிடும். ஒருமுறை கேமராவிலிருந்து முந்நூறு படங்களை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, ஹாட்ஸ்பாட்டை அணைக்க மறந்து தூங்கப் போனேன். காலையில் 8 ஜிபி பேக்கில் எதுவும் மிச்சமில்லை. தரவுப் பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்தால், முதல் வரியில் கிளவுட் ஃபோல்டர் ஒத்திசைவு, கிட்டத்தட்ட 6 ஜிபி. படம் ஒவ்வொன்றும் 20 எம்பி. நான் படங்களைப் போட்டு வைத்த ஃபோல்டர், தானாக மேலே ஏற்றும் ஃபோல்டர். மீதியை இயங்குதள அப்டேட் முடித்து வைத்திருந்தது. உலாவிக்கு, அதாவது நான் உண்மையில் பயன்படுத்தியதற்கு, 140 எம்பி.

மருந்து சின்னதுதான். விண்டோஸில் அந்த ஹாட்ஸ்பாட்டின் பண்புகளுக்குள் போனால் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் பெரும்பாலான அப்டேட்கள் நிற்கும், மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பான ஒன்டிரைவும் நின்றுகொள்ளும். மேக்கில் ‘லோ டேட்டா மோட்’. இது நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் தனித்தனியாகப் போட வேண்டியது. போனை மாற்றினால், ஹாட்ஸ்பாட் பெயரை மாற்றினால், மறுபடி போட வேண்டும். எல்லா மென்பொருளும் இதை மதிப்பதில்லை. விளையாட்டுச் செயலிகளை நேரடியாக மூடிவிடுவது நல்லது. வீடியோ சந்திப்பு ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபியைத் தொடக்கூடும். படத்தை அணைத்துக் குரலோடு நிறுத்தினால் அதில் சிறு பங்குதான் ஆகும். நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் மணிக்கு 3 ஜிபிவரை போகும். அதை ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

பேக்கின் பொடி எழுத்தில் ‘ஹாட்ஸ்பாட் அனுமதி இல்லை’ என்று இருந்தால் லேப்டாப்காரருக்கு அது வீண் பேக், எவ்வளவு அன்லிமிடெட் என்றாலும். போனிலிருந்து போவதையும் லேப்டாப்பிலிருந்து போவதையும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பல வழிகள் உண்டு, ஒன்று வேடிக்கையானது. இணையத்தில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் தலையிலும் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும். வழியில் ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் அதில் ஒன்று குறையும். பூஜ்யமானால் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வழிதவறிய பொட்டலம் காலம் பூராவும் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக. போன் தானே அனுப்பும் பொட்டலம் வழக்கமாக 64-இல் கிளம்பும், விண்டோஸ் லேப்டாப்புடையது 128-இல். லேப்டாப்பின் பொட்டலம் போனைத் தாண்டிப் போவதால் ஒன்று குறைந்து 127-ஆகப் போய்ச் சேரும். 64 வர வேண்டிய இடத்தில் 127 வந்து நின்றால், போனுக்குப் பின்னால் வேறு ஆள் ஒளிந்திருப்பது அங்கே தெரிந்துவிடும்.

இலவச வைஃபையை நம்பிப் போகலாமா என்று கேட்பார்கள். ஜெர்மனியில் முன்பு பொது வைஃபை அரிது. உங்கள் வைஃபையில் யாரோ திருட்டுப் படம் இறக்கினால் நீங்கள் பொறுப்பாக நேரிடும் என்ற சட்ட நிலை இருந்ததால், காபிக் கடைக்காரர்கள் திறந்து வைக்கவே பயந்தார்கள். 2017-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு நிலைமை தேறியது. அதே ஆண்டு ஜனவரியிலிருந்து ஐசிஇ என்ற அதிவேக ரயிலின் இரண்டாம் வகுப்பிலும் இலவச வைஃபை வந்தது. தொடக்கத்தில் நாளுக்கு 200 எம்பி, அப்புறம் நத்தை வேகம். பொது வைஃபையில் கைவைத்தாலே பாங்க் கணக்கு போய்விடும் என்று விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தை மறைத்து வேறு வழியாக அனுப்பும் சேவை) விற்பவர்கள் காட்டும் பூச்சாண்டியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இன்று அநேகமாக எல்லாத் தளங்களும் மறையாக்கத்தில்தான், அதாவது நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி பூட்டித்தான் ஓடுகின்றன. சான்றிதழ் சரியில்லை என்று உலாவி எச்சரித்தால் மட்டும் மேலே போகாதீர்கள்.

உண்மையான தொல்லை, பொது வைஃபை முதலில் காட்ட வேண்டிய லாகின் பக்கம் வராமல் இருப்பது. நீங்கள் முதலில் திறக்கும் பக்கத்தை இடைமறித்துத்தான் ஹோட்டல் வைஃபை தன் பக்கத்தைக் காட்டும். மறையாக்கப்பட்ட பக்கத்தை அப்படி இடைமறிக்க முடியாது. அலுவலக லேப்டாப்பில் எப்போதும் ஓடும் விபிஎன் இருந்தால் இன்னும் மோசம்: விபிஎன் இணையம் கேட்கும், இணையம் லாகின் கேட்கும், லாகின் பக்கத்தை விபிஎன் விடாது. நெவர்எஸ்எஸ்எல்.காம் என்று ஒரு தளம் இதற்காகவே மறையாக்கம் இல்லாமல் நடத்தப்படுகிறது. உலாவியில் அதைத் தட்டினால் பெரும்பாலும் லாகின் பக்கம் வந்துவிடும்.

கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் இத்தனையும் படித்திருக்க வேண்டாம். எஜுரோம் என்று ஒரு ஏற்பாடு, 2002 வாக்கில் ஐரோப்பியக் கல்வி வலையமைப்புகளிடமிருந்து கிளம்பி, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. உங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருந்தால், கல்லூரியின் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் லேப்டாப்பில் ஒருமுறை அமைத்துவிட்டால் போதும்; எஜுரோம் இருக்கும் எந்த ஊர் வளாகத்துக்குள் நுழைந்தாலும் தானாக இணைந்துகொள்ளும், காசு இல்லாமல். இந்தியாவில் எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு இதை நடத்துகிறது. ஐஐடிகள் உட்படப் பல நிறுவனங்கள் சேர்ந்திருக்கின்றன. ஊரிலேயே அமைத்துச் சரிபார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ரோமிங் பேக் போடும் ஆய்வு மாணவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

எந்த வழியில் போனாலும் நம்மூர் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்துவிட முடியாது. பாங்க் ஓடிபி அதில்தான் வரும். கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங்கைத் திறந்து வைத்து, அந்தச் சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டால் போதும். உள்வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் காசு இல்லை. டேட்டாவை இரண்டாவது சிம் பார்த்துக்கொள்ளும்.

இந்த ஓடிபி தொல்லை எதிர்த் திசையிலும் உண்டு. வைஃபை பயன்படுத்துபவர் யாரென்று தெரிய வேண்டும் என்று 2009-இலேயே இந்தியாவில் விதி வந்துவிட்டதால், நம் விமான நிலைய வைஃபை வழக்கமாக இந்திய எண்ணுக்கு ஓடிபி அனுப்பும். பாஸ்போர்ட்டைக் காட்டி வைஃபைக்கான குறியீட்டெண் வாங்கும் இயந்திரம் சில இடங்களில்தான் இருக்கிறது. போன டிசம்பரில் அண்ணன் மகள் டொராண்டோவிலிருந்து வந்திறங்கினாள். கனடா சிம், ரோமிங் போட்டால் அவள் அம்மா திட்டுவாள். வைஃபை பக்கத்தில் என் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். வருகை வாயிலுக்கு வெளியே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த எனக்கு ஆறு இலக்க ஓடிபி டிங் என்று வந்து விழுந்தது. உள்ளே கன்வேயர் பெல்ட் பக்கத்தில் இணையம் இல்லாமல் நிற்பவளுக்கு அதை எப்படி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஓடிபி வந்தது. அப்புறம் மூன்றாவது. நாற்பது நிமிடம் கழித்துப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவள், “சித்தப்பா, மெசேஜ் எதுவும் வரலையா?” என்று கேட்டாள்.